மெகருன் அக்காவின் ஒரு பிடி எத்தனை கிராம்?

பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய மெகருன்னிசா அக்கா அவர்களுக்கு, தங்கள் தங்கை கொளஞ்சியம்மாள் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் எங்களை விட்டுச் சென்று எட்டு மாதங்கள் முடிந்த பின்னரே இம்மடலைத் தொடங்குகிறேன். இத்தாமதத்தை முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கூறத்தக்க காரணம் என்னிடம் ஏதுமில்லை. மணவாளநல்லூர்க் கோயிலில் பிராது கட்டச் செல்லும் நம் தெருவாசிகளுக்கெல்லாம், சாமியின் முன் வைக்கும் முறையீட்டைத் தாளில் எழுதிக் கொடுப்பவள் நான்தான் என்பது தாங்கள் அறிந்ததே. களவு போன ஆட்டிற்கும், கைவிட்டுப் போன கணவனுக்கும் தங்குதடையின்றி வாசகம் அமைத்த கை இது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவளின் எழுத்து என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் தங்களுக்கு எழுத உட்கார்ந்தால், ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி அங்கேயே பேனாவை மூடிவிடுவேன். தங்கள் நலத்தை இனி யாரிடம் கேட்டு அறிவது?

இம்மடலை நம் பெண்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கவிருக்கிறேன். ஆகவே தாங்கள் நன்கறிந்தவற்றையும் மற்றவர்கள் பொருட்டு ஆங்காங்கே விளக்க நேரும். ‘இது எனக்குத் தெரியாதாடி?’ என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நற்செய்தி. தங்கள் மகள் ரிஸ்வானா உண்டாகியிருக்கிறாள். மூன்றாம் மாதம். ஷார்ஜாவில் மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் ஒருத்தியாகத்தான் இருக்கிறாள். தன் அத்தாவிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, செய்தியை முதலில் என்னிடம்தான் சொன்னாள்.

“சின்னம்மா, ஒன்னுமே உள்ள நிக்க மாட்டேங்குது. சோத்தைப் பார்த்தாலே கொமட்டுது. ரொட்டியும் தண்ணியுமா ஓடுது. அம்மா செய்யற தேங்காப்பால் கேக்கு தின்னா மட்டும் நிக்கும் போல இருக்குது.”

“அதற்கென்ன? செய்முறை என்னிடம் எழுத்து வடிவில் உள்ளது” என்றேன்.

“நீங்க பேசறதைக் கேட்டாலே பாதி கொமட்டல் போயிடுது சின்னம்மா” என்று சிரித்தாள். தங்கள் கிண்டல் அப்படியே அவள் வாயில் இருக்கிறது, அக்கா. ஒரு கணம் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, யார் பேசுகிறார் என்று திரையைப் பார்த்துக்கொண்டேன்.

தாங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிய நோட்டை எடுத்தேன். சர்க்கரை கால் கிலோ. வெண்ணெய், நூறு கிராம் பொட்டலம் இரண்டு. முட்டை நான்கு. ஆப்பசோடா, ஏலக்காய். இவற்றில் வம்பில்லை. அதற்கு மேல் இரண்டு வரிகள்: மைதா இரண்டு கோப்பை, தேங்காய்ப் பால் ஒரு கோப்பை. வம்பு முழுவதும் இந்த இரண்டு வரிகளில்தான்.

“எந்தக் கோப்பை சின்னம்மா?” என்றாள் ரிஸ்வானா. “இங்க எங்கிட்ட கடையில வாங்கின அளவுக் கோப்பை செட்டு ஒன்னுதான் இருக்குது. தராசு கிராசுலாம் இல்ல. இதுல எத்தினின்னு சொல்லுங்க போதும்.”

‘இதுல எத்தினி?’ கேட்கும்போது எவ்வளவு எளிய கேள்வியாகத் தோன்றியது! “உரிய முறையில் கணக்கிட்டு எழுத்து மூலம் அனுப்புகிறேன்” என்று உறுதியளித்துவிட்டுக் கைப்பேசியில் தேடத் தொடங்கினேன். ஒரு கோப்பை மைதா நூற்றிருபது கிராம் என்றது ஒரு பக்கம். நூற்றிருபத்தைந்து என்றது இன்னொன்று. நூற்று ஐம்பது என்று ஓர் அம்மாள் கையில் மாவோடு சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அந்தக் கோப்பையே ஒரு நாட்டில் இருநூற்று நாற்பது மில்லி, வேறொரு நாட்டில் இருநூற்று ஐம்பது, மற்றொன்றில் இருநூறு. ஒரு கோப்பை, ஒரு கோப்பை என்று உலகமே சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு கோப்பையைப் பிடித்திருக்கிறது.

சரி, நானே நிறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கடைவீதியில் எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வந்தேன். தாங்கள் எனக்குப் பரிசளித்த வெள்ளைக் கோப்பையில் மைதாவை நிரப்பி, கத்தியின் முதுகால் வழித்து நிறுத்தேன். நூற்றுப் பதினைந்து கிராம். ஐயத்திற்கு இடமின்றி இன்னொரு முறை நிறுத்தேன். நூற்றிருபத்தெட்டு. மூன்றாம் முறை சலித்து நிறுத்தேன். நூற்று மூன்று. ஒரே கோப்பை, ஒரே மைதா, ஒரே நான். ஒவ்வொரு முறையும் எடை ஏன் மாறுகிறது?

அன்று முழுவதும் அடுக்களையில் மாவும் நானுமாக இருந்தேன். டப்பாவிற்குள் கோப்பையைவிட்டுத் தோண்டி அள்ளினால் மாவு அமுங்கிக்கொண்டு எடை கூடுகிறது. கரண்டியால் எடுத்துப் போட்டு நிரப்பினால் குறைகிறது. டப்பாவை ஒரு தட்டு தட்டினால் அது ஒரு கணக்கு. சர்க்கரையோ எப்படி அள்ளினாலும் ஏறக்குறைய ஒரே எடையைத்தான் காட்டுகிறது. மைதாவிற்கு மட்டும் இந்தச் சபலப் புத்தி. கடைசியில் கரண்டியால் போட்டுக் கத்தியால் வழிப்பதே விதி என்று நானே ஒரு விதி வகுத்துக்கொண்டு, நூற்றுப் பதினைந்து என்று உறுதி செய்தேன். அதே கோப்பையில் தண்ணீர் ஊற்றி நிறுத்தேன். இருநூற்றிருபது கிராம் வந்தது. தண்ணீருக்குக் கிராமும் மில்லியும் ஒன்றே ஆகையால், என் கோப்பை இருநூற்றிருபது மில்லி. ரிஸ்வானாவின் கோப்பை இருநூற்று நாற்பது என்று அதன் அடியிலேயே பொறித்திருக்கிறதாம். வகுத்துப் பெருக்கி, என்னுடைய இரண்டு கோப்பை மைதா அவளுக்கு ஒன்றேமுக்கால் கோப்பையும் சற்றும் என்று கண்டேன். ‘நிறை - கொள்ளளவு மாற்று அட்டவணை’ என்று தலைப்பிட்டு, கோடு போட்டு, கீழே கையொப்பமும் இட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், அந்தத் தாளைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

கேக் நடுவில் குழி விழுந்துவிட்டது. “மணிமுத்தாத்துல தோண்டின ஊத்து மாதிரி இருக்குது சின்னம்மா” என்று படம் அனுப்பினாள். உள்ளே களி போல் ஈரம். வாயில் வைத்ததும் எடுத்துவிட்டாளாம்.

அடுப்பின் சூடு போதவில்லை என்று எழுதினேன். சூட்டைக் கூட்டினாள். மேலே கருகி உள்ளே மீண்டும் களி. அந்த ஊர் முட்டை பெரிதாக இருக்கலாம் என்று எழுதினேன். மூன்று முட்டை போட்டாள். அதுவும் குழி. மூன்றாம் முறை படம் வரவில்லை, அழைப்புதான் வந்தது. அழுதாள்.

“அம்மாகூடவே நின்னு செஞ்சீங்களே சின்னம்மா. உங்களுக்கே தெரியலன்னா வேற யாரைப் போயி கேக்கறது?”

“பிறகு அழைக்கிறேன்” என்று கைப்பேசியை வைத்துவிட்டேன். ஏன் என்று தங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆகையால் எழுதுகிறேன்.

தங்கள் கணவர் காதர் அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஓவன், தங்கள் வீட்டு வயரிங் தாங்காமல் ஃபியூஸ் போய், கடைசியில் என் வீட்டிற்கு வந்து சேர்ந்தது. அதுவரை தாங்கள் மணல் பரப்பிய அலுமினியப் பாத்திரத்தில்தான் கேக் சுட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு தெருவில் யார் வீட்டுப் பிறந்தநாளானாலும், ரம்ஜானானாலும் கிறிஸ்துமஸானாலும், பீங்கான் ஷெட்டில் கோப்பைகளுக்குக் காது ஒட்டும் வேலை முடிந்ததும் நேராக என் அடுக்களைக்கு வந்துவிடுவீர்கள். ஷெட்டிலிருந்து எனக்கென்று ஒரு கோப்பை கொண்டுவந்து, “எங்க வூட்டுல இருக்கறது இதே அச்சுதான்டி. உனக்குன்னு கிளேஸ் போட்டு, பளபளன்னு எடுத்தாந்தேன்” என்றீர்கள்.

நான் அந்தக் கோப்பையில் மைதாவை நிரப்பிக் கத்தியால் வழிப்பேன். இரண்டு கோப்பை போட்டு முடித்ததும், தாங்கள் டப்பாவிற்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மேலே போடுவீர்கள். பிறகு இன்னொரு பிடி. ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். நான் அளந்தது பொய்யா? “எதற்கு அக்கா இது?” என்று கேட்டால், “பத்தலடி” என்பீர்கள். “அளந்தாயிற்றே” என்றால், “அளந்தா என்னா, பத்தலயே. போடி டீச்சரம்மா” என்று சிரிப்பீர்கள். நான் ஆசிரியை அல்லேன் என்பதும், அப்படி ஆக எனக்கு ஆசை இருந்தது என்பதும் தங்களுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு வாசகர் வட்ட விழாவிற்காகக் கேக் செய்த அன்று, என் அடுக்களையில் ஆறு பெண்கள் இருந்தார்கள். நான் அவர்களுக்கு அளவைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் தாங்கள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினீர்கள். நான் சொன்ன வாசகம் இது, ஓர் எழுத்தும் மறக்கவில்லை: “அளவு என்று ஒன்றை வைத்த பிறகு அதன் மேல் ஒரு பிடி போடுவது அறியாமை. அளக்கத் தெரியாதவர்கள் அளவுக் கோப்பையின் பக்கம் வரலாகாது.”

யாரோ ஒருத்தி சிரித்தாள். தாங்கள் கையிலிருந்த மாவை டப்பாவிலேயே விட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க டீச்சரம்மா” என்றீர்கள். பதினோரு ஆண்டுகளில் தாங்கள் என்னிடம் சொன்ன முதல் ‘ங்க’ அது.

அதன்பின் மூன்று மாதங்கள் வந்தீர்கள், சேர்ந்து செய்தோம். ஒரு பிடியும் போடவில்லை. கேக்குகள் நடுவில் தணிந்து தணிந்து வந்தன. “மின்னழுத்தக் குறைபாடு” என்றேன் நான். “ஆமாங்க, கரண்ட்டுதான்” என்றீர்கள் தாங்கள். பிறகு ஒரு நாள் காலை மாரடைப்பு என்று செய்தி வந்தது. கடலூர் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆகவே, அம்மாவுடனேயே நின்றீர்களே என்று ரிஸ்வானா கேட்டபோது, நின்றுகொண்டு என்ன செய்தேன் என்பதை நான் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் தங்கள் வீட்டிற்குப் போனேன். காதர் அண்ணன் நலம். தாமே சமைக்கிறார். “ரசத்துல உப்பு போட்டேனா இல்லியான்னு அவதான் சொல்லுவா. இப்ப ரெண்டு தரம் போட்டுர்றேன்” என்றார். மைதா டப்பாவைக் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

“அதை நான் தொறக்கவே இல்லம்மா. அப்படியே இருக்குது, மேல் தட்டுல. அதுல என்னா இருக்கப்போவுது?”

திறந்தோம். மாவில் வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. மாவுக்குள் பாதி புதைந்து தங்கள் கோப்பை. கிளேஸ் போடாதது, சூளையில் முதல் சூடு மட்டும் கண்டு, சுண்ணாம்புக் கட்டி போல் சொரசொரவென்று இருந்தது. ‘இதே அச்சுதான்’ என்று தாங்கள் சொன்னதை நம்பி, நான் பதினோரு ஆண்டுகளில் ஒரு முறையேனும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை. என் பையில் என் கோப்பை இருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தங்களுடையது பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிதில்லை, ஒரு விரற்கடைகூட இருக்காது. தங்கள் கோப்பை நிறைய மாவை அள்ளி என் கோப்பையில் கொட்டினேன். நிறைந்து, வழிந்து, மேடையெல்லாம் கொட்டியது.

“என்னாம்மா பண்றீங்க?” என்றார் அண்ணன்.

“தெரியவில்லை அண்ணா” என்றேன். அது பொய்யில்லை.

இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு அங்கிருந்தே ஷெட்டிற்கு நடந்தேன். தங்கள் இடத்தில் இப்போது தனம் உட்கார்ந்து காது ஒட்டுகிறாள். தங்களோடு இருபது ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்தவள். கோப்பைகளைப் பார்த்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஒரே அச்சுதாங்க. ஆனா இது ஒரு சூடு, அது ரெண்டு சூடு. சூளையில வெந்தா மண்ணு சுருங்கும். கிளேஸ் போட்டு ரெண்டாந்தரம் கடுஞ்சூட்டுல வெந்தா இன்னும் சுருங்கும். இத்தினி வருசமா இந்த ஊர்ல இருக்கீங்க, இது தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும்” என்றேன். தெரியும்தான், அக்கா. பீங்கான் சூளைகள் நிறைந்த இவ்வூரில் யாருக்குத்தான் தெரியாது? மண்ணைப் பற்றித் தெரிந்ததை மாவுக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

“உங்க கேக்கு வெந்தா ஊதுது, எங்க கோப்பை வெந்தா சுருங்குது. ரெண்டையும் ஒன்னா வெச்சிக் கணக்குப் போட்டா எப்புடிங்க?” என்று தனம் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “டீ சொல்லட்டுமா?” என்றாள்.

வீட்டிற்கு வந்து நிறுத்தேன். தங்கள் கோப்பையின் மைதா, என் விதிப்படி வழித்து, நூற்று ஐம்பது கிராம். என்னுடையது நூற்றுப் பதினைந்து. கோப்பைக்கு முப்பத்தைந்து கிராம் குறைவு. இரண்டு கோப்பைக்கு எழுபது. தங்கள் கோப்பையின் கொள்ளளவைக் காண அதில் தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கோப்பையே குடித்தது. அதனால்தான் தங்கள் வீட்டு அடுக்களையில் பாலுக்கென்று தனியாகக் கிளேஸ் போட்ட கோப்பை ஒன்றைத் தாங்கள் வைத்திருந்தீர்கள் போலும். மைதா பெரிய கோப்பை, பால் சின்னக் கோப்பை. என் அடுக்களையில் இரண்டும் சின்னக் கோப்பை. பாலுக்குத் தேவையான மாவு என் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை, தாங்கள் அந்த இரண்டு பிடியைப் போடும்வரை.

இத்தோடு குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? இங்குதான் எனக்கு ஒன்றும் விளங்காமல் போகிறது.

என் கோப்பை சிறியது என்று தங்களுக்குத் தெரியுமா? முப்பது ஆண்டுகள் சூளைக்கு முன்னும் பின்னும் கோப்பை சுமந்தவர் தாங்கள். தெரியாமல் இருக்க முடியுமா? தெரிந்திருந்தால், ‘உன் கோப்பை சின்னதுடி’ என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாமே. நான் அளந்துகொண்டு நிற்கும் பெருமையைப் பார்த்து விட்டுவிட்டீர்களா? ஆறு பெண்களுக்கு முன் நான் அப்படிப் பேசியபோதுகூட, அந்த மூன்று சொல்லைத் தங்களால் திருப்பிப் போட்டிருக்க முடியும். நான் வாயடைத்துப் போயிருப்பேன். தாங்கள் போடவில்லை. எனக்காகவா? அல்லது தாங்கள் தந்த பரிசைத் தாங்களே குறை சொல்லலாகாது என்றா?

ஒருவேளை தங்களுக்கும் தெரியாதோ? கை மாவில் பட்டதும் ‘பத்தல’ என்று கைக்கு மட்டும் தெரிந்ததோ?

இதைத் தனத்திடம் கேட்டேன். அவள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி என்னை இன்னும் குழப்பிவிட்டாள். “அக்கா கோப்பைலலாம் அளந்து நான் பாத்ததே இல்லீங்க. கலக்கும்போது கையில பாத்துப் பாத்துப் போடுவாங்க. நீங்க நோட்டும் பேனாவும் வெச்சிக்கிட்டு உக்காந்தீங்க இல்ல, என்னாத்தயாவது சொல்லணுமேன்னு ரெண்டு கோப்பைன்னு சொல்லியிருப்பாங்க.”

அப்படியானால் மைதா டப்பாவில் கிடந்தது அளவுக் கோப்பையே இல்லையா? வெறுமனே அள்ளுகிற கோப்பையா? நான் ஓர் அள்ளும் கோப்பையை நிறுத்து, அதற்கு நூற்று ஐம்பது கிராம் என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறேனா? வெறும் அள்ளும் கோப்பை என்றால், குறைந்த முப்பத்தைந்து கிராமும் ஒரு பிடியும் ஏன் இவ்வளவு பொருந்துகின்றன?

பொருந்துகின்றனவா என்பதும் உறுதியில்லை. என் கையால் ஒரு பிடி அள்ளி நிறுத்தேன், இருபத்தெட்டு கிராம். காதர் அண்ணனை அள்ளச் சொன்னேன், ஐம்பத்திரண்டு. “எதுக்கும்மா இது?” என்று கேட்டுக்கொண்டேதான் அள்ளினார். தங்கள் பிடியை நிறுக்க எனக்குப் பதினோரு ஆண்டுகள் இருந்தன. அந்தப் பிடியைத் தடுக்கத்தான் எனக்குத் தோன்றியது.

நேற்று ரிஸ்வானா பேசினாள். கோப்பைகளின் கதையை அவளிடம் சொன்னேன். விழாவன்று நடந்ததை மட்டும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு அவள்தான் ஒரு வழி சொன்னாள்.

“அம்மாவோட தங்க வளையல் எனக்கு சோப்பு போடாமலே ஏறுது சின்னம்மா. அப்ப என் கையும் அம்மா கையும் ஒரே அளவுதானே? நானே ஒரு பிடி அள்ளிப் பார்க்கட்டுமா?”

எனக்கு இது தோன்றவே இல்லை. தராசு இல்லாத வீட்டில், பிடியைக் கரண்டியால் எண்ணலாம் என்றேன். கைப்பேசியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நான் பார்க்கப் பார்க்க அள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டாள். கோப்பை செட்டோடு வந்த அளவுக் கரண்டியால் வழித்து வழித்து எண்ணினாள். நான்கு கரண்டி. கரண்டிக்கு எட்டு கிராம் வீதம், ஏறக்குறைய முப்பத்திரண்டு கிராம். “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். மறுபடி ஒரு முறை அள்ளச் சொன்னேன். ஆறு கரண்டி வந்தது.

“என்னா சின்னம்மா இது? அதே கைதானே?”

“அதே கைதான்” என்றேன்.

“முதல் தரம் லேசாப் பிடிச்சேன். ரெண்டாந்தரம் இறுக்கிப் பிடிச்சேன். அம்மா எப்படிப் பிடிப்பாங்க?”

அக்கா, நான் கண்ணை மூடிப் பார்த்தேன். டப்பாவிற்குள் போகும் தங்கள் கை தெரிகிறது. காது ஒட்டும் களிமண் காய்ந்து நகக்கண்ணில் வெள்ளையாக இருப்பது தெரிகிறது. மாவு விரலிடுக்கில் உதிர்ந்ததா, உதிராமல் இறுகி நின்றதா என்பது மட்டும் தெரியவில்லை. அந்தக் கை எழும்போதெல்லாம் நான் தங்கள் முகத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் முன் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. தங்கள் கோப்பைப்படி இரண்டு கோப்பை மைதா, மொத்தம் முந்நூறு கிராம். ரிஸ்வானாவின் அளவுக் கோப்பையில் இரண்டேகாலும் சற்றும். அதையும் அவள் தோண்டி அள்ளினால் ஓர் எடை, கரண்டியால் போட்டால் ஓர் எடை. மற்றொன்று, என் கோப்பைப்படி ஒன்றேமுக்காலும் சற்றும், அதன் மேல் அவள் கையால் இரண்டு பிடி. எதை அனுப்புவது? சின்ன வயதில் அவள் தின்றது மணல் பாத்திரத்தில் தங்கள் வீட்டில் வெந்த கேக். வளர்ந்த பின் தின்றது என் வீட்டு ஓவனில் வெந்தது. இரண்டும் அவளுக்கு ‘அம்மா செய்யற கேக்கு’தான். இரண்டில் எதற்காக அவள் வாய் ஏங்குகிறது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

நெடுநேரம் யோசித்து இரண்டாவதை அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறேன். காரணம் கேட்டால் முறையாகச் சொல்ல என்னிடம் ஏதுமில்லை. அந்த இரண்டு பிடி இல்லாத அட்டவணையில் இனிமேல் கையொப்பம் இட மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

வரும் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்கு விடுமுறை. உடனிருந்து கலக்கித் தருகிறாராம். அன்று மதியம் கேக் செய்யப் போகிறாள். ஆகவே தங்களுக்கு ஓர் உறுதி அளிக்கிறேன். அவள் ஓவனைப் பற்றவைக்கும் முன்பாக, அன்று ஆறு பெண்களுக்கு முன் நான் சொன்ன வாசகத்தை ஓர் எழுத்தும் குறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுவேன். தாங்கள் மாவை டப்பாவில் திரும்ப விட்டதையும் சொல்வேன். அந்த ஆறு பெண்களும் இம்மலரைப் படிப்பவர்கள்தாம். அவர்களுக்கும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்: அளக்கத் தெரியாதவள் நான்தான். ரிஸ்வானா என்னிடம் அதன்பின் பேசாமல் இருந்தாலும் அது அவள் உரிமை. கேக் மட்டும் அவள் வயிற்றில் நின்றால் போதும்.

எஞ்சிய ஐயங்களுக்கெல்லாம் தங்களுக்கு ஓய்விருக்கும்போது விளக்கமளித்தால் போதும், அவசரமில்லை. தங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஒன்றே ஒன்று மட்டும் உடனே தேவைப்படுகிறது. இறுக்கிப் பிடிக்க வேண்டுமா, லேசாகப் பிடிக்க வேண்டுமா?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்க அக்கா.

இப்படிக்கு,
தங்கள் உடன்பிறவாத் தங்கை,
ரிஸ்வானாவின் சின்னம்மா,
கொளஞ்சியம்மாள்,
விருத்தாசலம்.